அத்தியாயம் 14: படுத்துக்கொண்டே நடந்தவர்

காலை ஏழு மணிக்கு எழில் தன் மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அவர் கையை உதறவில்லை. அதுதான் அவளுக்கு வந்த முதல் பயம்.

உதறாமல் இருக்கிற ஆளா செங்கோட்டையன்? "பேக்கை மட்டும் மாத்து. வேற எங்கயும் கை வெக்காத" என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் படுத்த அன்றைக்கே சட்டம் போட்டவர். மருமகள் என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "அந்தப் புள்ள" என்பார். கோபம் வந்தால் "ஜெரோமு மவ".

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையன் சோமனூரில் பன்னிரண்டு தறி ஓடுகிற ஷெட்டுக்குச் சொந்தக்காரர். அவர் மகன் மோகன்குமார் மூன்று வருடத்துக்கு முன்னால் கருமத்தம்பட்டி ஜெரோமின் மகள் எழிலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். ஜெரோமின் அப்பா ஐயாசாமி இதே குடும்பத்தின் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர். போதாதா? பேசித் தீர்க்கலாம் என்று வந்த ஜெரோம், கேட்டுக்கு வெளியே அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கப்புறம் அந்தக் கேட் எழிலுக்கும் திறக்கவில்லை.

பிறகு குடலில் புற்று வந்தது. பத்து நாளைக்கு முன்னால் ஆபரேஷன். கெட்டுப்போன துண்டை வெட்டியெடுத்து மீதியைச் சேர்த்துத் தைத்து, தையல் ஆறுகிறவரைக்கும் மலம் வெளியே வர வயிற்றில் ஒரு வழி செய்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். அந்தப் பையைப் பார்த்ததும் ஒரம்பரைக்கு வந்த சொந்தக்கார ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தது. மகள் கீதாவுக்குக் குமட்டியது. அப்போதுதான், பீளமேட்டில் நர்சாக இருக்கிற எழில் என்று ஒருத்தி இந்தக் குடும்பத்தில் இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. லீவு போட்டுவிட்டு வந்தாள். கேட் திறந்ததா என்றால், இல்லை. பொடக்காலிக் கதவு திறந்தது. வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் தேய்க்கிற பக்கம்.

அவள் வந்து இன்றைக்கு நாலாம் நாள்.

நாடி நூற்றுப் பதினாறு. வேகமாக ஓடியது, ஆனால் சீராக ஓடியது. காய்ச்சல் நூற்றியொன்று. வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. பையில் ராத்திரியிலிருந்து இரண்டு ஸ்பூன் பச்சை நிறத் தண்ணீர்தான் இறங்கியிருந்தது. நடுநடுவே விக்கல் வேறு.

எழில் நோட்டில் எழுதினாள். ஆபரேஷன் வார்டில் ஆறு வருடம் நின்றவளுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். உள்ளே போட்ட தையல் கசிகிறது.

"மாமா, வாட்ச் எங்கீங்க?"

அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். வாசற்படியில் நின்ற மாமியார் வள்ளியாத்தாள்தான் சொன்னாள். "சார்ஜுல கெடக்குதும்மா."

இந்த வாட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டது அது. நாடித் துடிப்பு, உடம்புச் சூடு, எத்தனை அடி நடந்தார் என்கிற கணக்கு எல்லாம் அதிலிருந்து நேராக ஆஸ்பத்திரித் திரைக்கும் கீதாவின் போனுக்கும் போய்விடும். எல்லாம் சரி என்றால் பச்சை. சந்தேகம் என்றால் மஞ்சள். ஆபத்து என்றால் சிவப்பு. ஒரு நாளைக்கு மூவாயிரம் ஸ்டெப் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பீளமேட்டில் ஐ.டி. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு கீதா அந்த மூவாயிரத்தைப் போலீஸ்காரி மாதிரி காவல் காத்தாள்.

எழில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"எங்க ஸ்க்ரீன்ல பல்ஸ் எழுபத்தெட்டு, டெம்பரேச்சர் நார்மல்னு காட்டுதுங்க சிஸ்டர்" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். "எல்லாமே பச்சைங்க."

"நான் கையில புடிச்சுப் பாத்தேங்க. நூத்திப் பதினாறு."

"டாக்டர் தியேட்டர்ல இருக்காருங்க. வந்ததும் சொல்றேங்க."

அடுத்து கீதாவுக்கு. எடுத்த எடுப்பிலேயே அந்தம்மா எகிறினாள்.

"காலங்காத்தால என்ன நாடகம்? இன்னிக்கு மட்டும் முந்நூத்திப் பத்து ஸ்டெப் நடந்திருக்காரு. என் போன்ல தெரியுது."

"அவரு எந்திரிக்கவே இல்லீங்க நங்கையா."

"நங்கையான்னு கூப்பிடாத, உனக்கு நான் நாத்தனாரும் இல்ல. நீ வந்தது நர்ஸு வேலைக்கு. அதையாவது ஒழுங்கா பாத்தியா? நேத்துப் பொழுதோட ஹார்ட் பீட்டு தப்புதுன்னு மஞ்சள் காட்டுச்சு. முந்தாநாளும் காட்டுச்சு. பக்கத்துல உக்காந்துட்டு என்ன பண்ணிட்டிருந்த?"

"நாடி வேகமா இருக்குது. ஆனா தப்பலீங்க. நானே..."

"அப்ப மெசினு பொய் சொல்லுது, நீ மட்டும் நெசம். அப்படித்தானே? ஏஜென்சில சொல்லிட்டேன், மத்தியானத்துக்கு வேற ஆளு வருது. நீ மூட்டையைக் கட்டு. நானே வாரேன்."

போன் துண்டானது.

எழிலுக்குக் காது கொதித்தது. மனுசி கை வைத்துப் பார்த்தது பொய்யாம், ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிவிட்ட கடிகாரம் சொன்னது வேதமாம். கட்டிலருகே போய் நேரடியாகவே சொல்லிவிட்டாள். "மாமா, ஆம்புலன்சைக் கூப்பிடறேங்க. இப்பவே போகோணும்."

செங்கோட்டையன் கண்ணைத் திறந்தார். "எவளும் என்னை ஆம்புலன்சுல ஏத்தக்கூடாது. ஷெட்டுல அத்தன பேரு வேடிக்கை பாப்பான். பேக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறாம்பாரு செங்கோட்டையன்னு பேசுவான்."

"பேசினா பேசிட்டுப் போறானுங்க. உசுரு போயிரும்."

"எம்பட உசுரு. நீ உம்பட வேலையப் பாரு."

திருப்பூருக்குத் துணி லோடு கொண்டுபோயிருந்த புருஷனுக்கு அடித்தாள். மோகன்குமார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா வருதல்ல? வந்து பாக்கட்டும் எழிலு. நீயா எதுவும் பண்ணிப்போடாத" என்றான். இவனை நம்பித்தானே பெற்ற வீட்டையும் ஊரையும் பகைத்துக்கொண்டு வந்தோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பை அங்கேயே அமுக்கினாள். அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

எட்டரைக்குள் கீதா வராவிட்டால் யார் தடுத்தாலும் நூற்றியெட்டைக் கூப்பிடுவது என்று முடிவு பண்ணினாள். அவருடைய உதட்டை ஈரத்துணியால் துடைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டே காலுக்கே கார் வந்துவிட்டது. ஷெட்டில் பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்ததால் கார் சத்தம் வீட்டுக்குள் யாருக்கும் கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கீதா உள்ளே வந்து நின்றபோதுதான் எழில் நிமிர்ந்தாள்.

"இன்னும் கௌம்பலியா?"

"உங்கப்பாவைப் பாருங்க. மொதல்ல அவரைப் பாருங்க."

கீதா பார்த்தாள். செங்கோட்டையன் முகம் சாம்பல் பூத்திருந்தது. அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. ஆனால் வந்த வேகம் அவளை விடவில்லை.

"நைட்டு தூங்கவிட்டிருக்க மாட்ட. அதான் சோர்வு. பல்ஸ் பாரு, தொண்ணூத்தி ஆறு. பச்சை." போனை எழிலின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "ஸ்டெப்பு எண்ணூத்தி நாப்பது. படுத்த படுக்கையா கெடக்கற மனுசன் எண்ணூறு ஸ்டெப்பு நடப்பாரா? உங்கூருல நடப்பாங்களா?"

எழில் பதிலுக்கு வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். அவள் கண் போனிலேயே நின்றுவிட்டது.

எண்ணூற்று நாற்பத்தொன்று.

எண்ணூற்று நாற்பத்திரண்டு.

"நங்கையா" என்றாள் மெதுவாக. "அந்த நெம்பரைப் பாருங்க."

"என்ன நெம்பரு?"

"ஏறுது பாருங்க."

எண்ணூற்று நாற்பத்தாறு. கீதா போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். இரண்டும் வெறும் கை. அவர் விக்கினார். எண்ணூற்று ஐம்பது.

"அப்பா, வாட்ச் எங்கப்பா?"

செங்கோட்டையன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எழில் நின்று கேட்கவில்லை. சமையலறையைத் தாண்டி ஓடிப்போய்ப் பொடக்காலிக் கதவைத் தள்ளினாள். கீதாவும் பின்னாலேயே ஓடினாள்.

துவைக்கிற கல்லைச் சுற்றி வள்ளியாத்தாள் நடந்துகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகி, கையை வீசி வீசி, மூச்சிரைக்க நடந்தாள். இடது கையில் வளையல்களுக்கு மேலே கறுப்பு வாட்ச். மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கையைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள்.

"அம்மா!" என்று கீதா கத்திய கத்தலில் தறிச் சத்தமே ஒரு நொடி அடங்கின மாதிரி இருந்தது. "என்ன பண்ணிட்டு இருக்கற நீ?"

"அவருதாங் கட்டிக்கச் சொன்னாரு அம்மணி." வள்ளியாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. கல்லின்மேல் உட்கார்ந்தாள். "மொத நாளே கழட்டிப்போட்டாரு. பேக்கோட என்னால வாசல்ல நடக்க முடியாது, நீ நடன்னாரு."

"மூணு நாளா நீயா கட்டியிருக்கற?"

"ராத்திரியும் கழட்டக்கூடாதுன்னு நீதான சொன்ன? தூங்கறப்பவும் கட்டீட்டுத்தான் தூங்கினேன். இந்தப் புள்ள கண்ணுல படாம முந்தானையில மூடிக்கிட்டேன்."

"உனக்கு மண்டையில ஏதாவது இருக்குதா?"

வள்ளியாத்தாள் தலையை நிமிர்த்தினாள். நாற்பது வருடமாக எதிர்த்துப் பேசாத வாய் அது. "ஸ்டெப்பு கொறைஞ்சா நீ போன்ல கத்தற. நடன்னு சொன்னா அவரு இவத்த ஊட்டுல கத்தறாரு. நான் நடந்தா ரெண்டு பேரும் கம்முனு இருக்கறீங்க. நான் வேற என்ன பண்றது, சொல்லு?"

எழில் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். சார்ஜில் கிடக்கிற வாட்ச் எப்படி நாடி காட்டும் என்று அப்போதே யோசித்து, சார்ஜரைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது அவள் தப்பு. நாலு நாளாக அவரைத் தொடவிடாமல் வைத்தது அவள் தப்பில்லை.

"சண்டையப் பொறவு போடுங்க" என்றாள். "அந்தப் பச்சை அவருதில்ல. அவரு நெலமை சிவப்புங்க. நாங் கூப்பிடறேன்." யார் முகத்தையும் பார்க்காமல் நூற்றியெட்டை அழைத்தாள். திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு அடித்து, இதுவரைக்கும் வந்த எண்கள் எதுவுமே நோயாளியுடையது இல்லை என்று சொன்னாள். அந்தப் பக்கத்துப் பெண்ணுக்குக் குரல் மாறியது. தியேட்டரில் இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றாள்.

ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்தது. செங்கோட்டையன் பயந்தபடியே தறிக்காரர்கள் நாலைந்து பேர் ஷெட் வாசலில் வந்து நின்றார்கள். எழில் ஒரு போர்வையை மடித்துப் பைக்கு மேலே போட்டு மறைத்தாள். அவர் அதைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் முன்வாசல் வழியாகத்தான் போக முடியும். ஆக, அந்தக் கேட்டை எழில் முதல் தடவையாகத் தாண்டினாள், அதுவும் வெளியே போவதற்கு.

வள்ளியாத்தாள் மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்தாள். "நானும் வாரேன் அம்மணி."

"நீ வர வேண்டாம்" என்றாள் கீதா. "பண்ணினது போதும்."

"இந்த வாட்ச்..."

"அதை நீயே கட்டிக்கிட்டு நட! மூவாயிரம் முடிச்சுட்டுத்தான் உக்காரோணும்."

பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது? எழிலுக்கே சுருக்கென்றது. "அவங்களும் வரட்டுங்க" என்றாள். கீதா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "எங்கம்மாவுக்கும் எனக்கும் நடுவுல நீ வராத." கதவு சாத்தப்பட்டது. வள்ளியாத்தாள் கேட்டருகே சேலைப் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வண்டி திரும்பியதும் கேட்டை இழுத்துப் பூட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

வண்டிக்குள் கீதா ஒரு பக்கம், எழில் ஒரு பக்கம். நடுவில் செங்கோட்டையன், வாயில் ஆக்சிஜன். தலைக்கு மேலே இருந்த திரையில் நாடி நூற்றிருபத்திரண்டு ஓடியது. மோகன்குமார் திருப்பூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னான். இப்போதுதான் திருப்பூரைத் தாண்டுகிறானாம். இப்போது மட்டும் குரல் உடைந்திருந்தது.

"எத்தன நேரமா இப்படி இருக்காரு?" என்று கீதா கேட்டாள்.

"ராத்திரியிலிருந்து. ஏழு மணிக்கே சொன்னேன்."

"நீ இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கோணும்."

எழிலுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் முற்றினால் அப்படித்தான் வரும். "மூட்டையக் கட்டுன்னு சொன்னவங்ககிட்ட இன்னும் எப்படிங்க அழுத்திச் சொல்றது?"

கீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கருமத்தம்பட்டி நெருங்கும்போது அவள் கையிலிருந்த போன் அலறியது. பீப், பீப், பீப் என்று நிற்காமல் அடித்தது. திரை முழுக்கச் சிவப்பு. செங்கோட்டையன், வயது 66. துடிப்பு 158, சீரில்லை. கீழே விழுந்திருக்கலாம்.

"எளவெடுத்த மெசினு." கீதா சத்தத்தை அமுக்கினாள். "இப்ப வந்து சிவப்பு காட்டுது. ஆளு இங்க பக்கத்துல படுத்திருக்காரு. விழுந்துட்டாராம்."

அவள் போனைக் கைப்பைக்குள் போடப் போனாள். எழில் அந்தக் கையைப் பிடித்தாள். யாரையும் தொடக்கூடாது என்கிற சட்டமெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"நேத்தும் முந்தாநாளும் பீட்டு தப்புதுன்னு மஞ்சள் காட்டுச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"மாமாவுக்குத் தப்பல. நாங் கையில புடிச்சுப் பாத்தேன். இங்க மேல பாருங்க, வேகமா இருக்குது, ஆனா சீரா ஓடுது." எழில் நிறுத்தினாள். "வாட்ச் யாரு கையில இருக்குதுங்க?"

கீதாவின் முகம் வெளுத்தது.

அம்மாவுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து, தானாக நின்றது. மறுபடி அடித்தாள். தறி மேஸ்திரி நரசிம்மலுவுக்கு அடித்தாள். அவன் போன் ஜன்னல் விளிம்பில் கிடக்கும். பன்னிரண்டு தறி ஓடுகிற ஷெட்டில் அது யார் காதில் விழும்? பொடக்காலியில் ஒருத்தி விழுந்து கிடந்து கூப்பிட்டாலும் விழாது. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த கீதாவுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வண்டியத் திருப்பச் சொல்லலாமா?"

"திருப்பினா மாமா தாங்க மாட்டாரு. நூத்தியெட்டுக்கு இன்னொரு போனு போடுங்க. அந்த வண்டி வர்ற வரைக்கும் அவங்க பக்கத்துல ஒரு ஆளு வேணும்."

"யாரைப் போகச் சொல்றது? எழிலு, யாரைப் போகச் சொல்றது?"

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் கீதாவின் வாயில் வந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

வண்டி கருமத்தம்பட்டி நால்ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் நாலாவது கடை ஜெரோமின் டூவீலர் பட்டறை. கீதா நூற்றியெட்டுக்கு அடித்தாள். எழில் தன் போனை எடுத்தாள்.

"அப்பா, வேலையை உட்டுப்போட்டு வண்டிய எடுங்க. சோமனூருக்கு, எம்பட மாமியா ஊட்டுக்குப் போகோணும். அவங்க தனியா உழுந்து கெடக்கறாங்க. நெஞ்சுல ஏதோ கோளாறுப்பா. பேச்சு மூச்சு இல்லைன்னா என்ன பண்ணோணும்னு நாஞ் சொல்றேன், போனை வெச்சுறாதீங்க."

அந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. வண்டி உதைபடுகிற சத்தம். அப்புறம் ஜெரோமின் குரல், தயங்கித் தயங்கி.

"பொடக்காலிப் பக்கமா போகட்டுமா கண்ணு?"

ஸ்பீக்கர் இல்லாமலே அந்தக் கேள்வி வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"பொடக்காலிக்குச் சுத்தீட்டுப் போகோணும்ப்பா. நேரமில்ல. முன்வாசல்லயே போங்க."

செங்கோட்டையன் கண்ணைத் திறந்தார். மாஸ்க்கைக் கையால் விலக்கினார். எழில் அதை மறுபடி வைக்கப் போனாள். அவர் தலையை ஆட்டினார். விக்கலுக்கு நடுவே வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"கேட்டு... பூட்டியிருக்கும்." மூச்சு வாங்கினார். "இன்னொரு சாவி... மீட்டர் பெட்டி மேல. வெளிய இருந்து கையை உட்டு எடுக்கலாம்... ஜெரோமுகிட்டச் சொல்லு."

எழில் சொன்னாள். சொல்லி முடித்துக் கீதாவின் போனைப் பார்த்தாள். திரை சிவப்பாகத்தான் இருந்தது. துடிப்பு நூற்று ஐம்பத்தெட்டு என்று இருந்த இடத்தில் இப்போது எண் எதுவும் இல்லை. இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் இருந்தன.